கரிசக்காட்டில் ஒற்றை வேன்: மார்கழி இரவில் தனியாகத் தங்கிப் பார்த்தேன்!

காலை ஐந்து மணி. சாத்தூருக்கு வடக்கே, நான்கு வழிச்சாலையிலிருந்து விலகி உள்ளே போனால் வரும் ஒரு கண்மாய்க்கரை. எங்கோ தொலைவில் கோயில் ஸ்பீக்கர் மார்கழிப் பாட்டை ஆரம்பித்திருக்கிறது. வேன் கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் வழிகிறது. வெளியே பெய்த பனிதான் உள்ளே இறங்கிவிட்டது என்று முதலில் நினைத்தேன். இல்லை, ராத்திரி முழுக்க நான் விட்ட மூச்சுக்காற்று! கொசுவுக்குப் பயந்து எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டுப் படுத்ததன் பலன். போர்வை, தலையணை, சட்டை எல்லாமே நசநசவென்று ஈரம்.

யூடியூபில் இதையெல்லாம் யாரும் காட்டுவதில்லை.

'வேன் லைஃப்' வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கெட்டியவரை பாலைவனம், நடுவே ஒரு வெள்ளை வேன், பின்கதவைத் திறந்துவைத்து ஒருவர் தனியாகக் காபி குடித்துக்கொண்டிருப்பார். 'நாமும் இப்படி நாலு நாள் போனால் என்ன?' என்று தோன்றாதவர்கள் குறைவு. எனக்கும் தோன்றியது. நண்பரின் பழைய ஆம்னி வேனை இரவல் வாங்கி, பின் சீட்டை மடக்கி, பலகை போட்டு, அதன்மேல் ஒரு பஞ்சு மெத்தையை விரித்துக்கொண்டு விருதுநகர்ப் பக்கம் கிளம்பினேன். மூன்று இரவுகள். அந்த அனுபவத்தைச் சொல்வதற்கு முன்னால், அந்த வீடியோக்கள் எடுக்கப்படும் ஊரைப் பற்றிக் கொஞ்சம்.

அங்கே பாலைவனம் யாருடையது?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்ஸைட் என்று ஒரு சிற்றூர். ஊரின் நிரந்தர மக்கள்தொகை சில ஆயிரம்தான். குளிர்காலம் வந்தால், பனி கொட்டும் வட மாநிலங்களிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் வேன்களிலும் சக்கர வீடுகளிலும் வந்து சேர்கிறார்கள். ஊரைச் சுற்றியுள்ள பாலைவனம், நில மேலாண்மைப் பணியகம் என்ற மத்திய அரசுத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அந்தத் துறையிடம் உள்ள மொத்த நிலம் சுமார் 24.5 கோடி ஏக்கர். ஏழு தமிழ்நாட்டை உள்ளே வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும்! அந்த நிலத்தின் பெரும்பகுதியில் யார் வேண்டுமானாலும் வண்டியை நிறுத்திப் பொதுவாக 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். அதற்குமேல் தங்க ஆசைப்பட்டால், குவார்ட்ஸைட்டுக்குத் தெற்கே லா போசா போன்ற நீண்டகால முகாம்கள் உண்டு. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதம் தங்குவதற்குப் பல ஆண்டுகளாக வாங்கப்பட்டுவந்த கட்டணம் 180 டாலர்.

கேட்க சொகுசாகத்தான் இருக்கிறது. ஆனால், அங்கே வருகிற எல்லோரும் உல்லாசப் பயணிகள் இல்லை. 2008 பொருளாதாரச் சரிவில் வேலையையும் வீட்டையும் இழந்து, வயதான காலத்தில் வாடகை கொடுக்க முடியாமல் வண்டியையே வீடாக்கிக்கொண்டவர்கள் அவர்களில் நிறைய பேர். ஜெசிக்கா புரூடர் என்ற பத்திரிகையாளர் அவர்களோடு பயணம் செய்து எழுதிய 'நோமேட்லேண்ட்' புத்தகம் 2017-ல் வந்தது. அதைத்தான் குளோயி ஜாவ் படமாக எடுத்தார். 2021-ல் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகை என மூன்று ஆஸ்கர் விருதுகளை வாங்கியது அந்தப் படம். காபி குடிக்கும் அந்த வீடியோவின் பின்னால் இப்படியும் ஒரு கதை இருக்கிறது.

நம் ஊரில் எங்கே நிறுத்துவது?

நம்மிடம் அப்படிப்பட்ட பாலைவனம் கிடையாது. திருச்செந்தூர்ப் பக்கம் செம்மணல் குன்றுகளாகக் கிடக்கும் தேரிக்காடு பார்ப்பதற்குப் பாலைவனம் மாதிரியே இருக்கும். ஆனால், அதில் பெரும்பகுதி காப்புக்காடு. விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் மலை இருக்கிறது. அதுவோ 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே நுழைவதே குற்றம். மிச்சமிருப்பது கரிசல் காடு. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பாதி ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். அப்புறம் வானம் பார்த்த பூமிதான்.

'புறம்போக்கு நிலம் நிறைய கிடக்கிறதே, அங்கே நிறுத்தலாமே?' என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். புறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற நினைப்பே தப்பு. மேய்ச்சல் புறம்போக்கு, கண்மாய்ப் புறம்போக்கு, மந்தைவெளி, வண்டிப்பாதை, மயானம் என்று ஒவ்வொன்றுக்கும் கிராமக் கணக்கில் ஒரு பெயர் இருக்கிறது, ஒரு வேலை இருக்கிறது. ஆக்கிரமிப்பைத் தடுக்க 1905-ம் ஆண்டிலேயே போடப்பட்ட சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. கிராமப் பொது நிலங்களை மீட்டு ஊர் மக்களின் பயன்பாட்டுக்கே கொடுக்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பு சொன்னது. ஒரு ராத்திரி வேனை நிறுத்தித் தூங்குபவரை ஆக்கிரமிப்பாளர் என்று யாரும் பிடிக்கப் போவதில்லை. அதேசமயம், 'இங்கே தங்க எனக்கு உரிமை இருக்கிறது' என்று நீட்டிக் காட்ட நம் கையில் எந்தச் சீட்டும் கிடையாது. ஊர்க்காரர்கள் 'இருந்துட்டுப் போகட்டும்' என்று விட்டால்தான் உண்டு.

அதனால் முதல் இரவை ரொம்பப் பாதுகாப்பாக 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கில் கழித்தேன். டேங்க்கை நிரப்பி, மேலாளரிடம் சொல்லிவிட்டு, லாரிகளுக்குப் பக்கத்தில் ஓரமாக நிறுத்தினேன். கழிப்பறை, தண்ணீர், விளக்கு எல்லாம் உண்டு. விருதுநகரில் சாப்பிட்ட எண்ணெய் புரோட்டா வயிற்றில் கனமாகக் கிடந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை. ஏர் ஹாரன் சத்தத்தில் யாரால் தூங்க முடியும்?

'நெருப்புப் பெட்டிய உள்ள வைங்க அண்ணாச்சி!'

இரண்டாம் நாள்தான் புத்தி பிசகியது. சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவே, சீமைக்கருவேலங்காட்டை ஒட்டி ஓர் ஓடைக்கரை. பொழுது சாயும் நேரம். சுற்றிலும் ஆள் நடமாட்டமே இல்லை. வீடியோவில் பார்த்த அதே காட்சி! வேனை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, சின்ன கேஸ் அடுப்பை எடுத்துக் கீழே வைத்தேன். தீக்குச்சியை உரசப் போகும்போது டார்ச் வெளிச்சம் ஒன்று மரங்களுக்கு நடுவே ஆடிக்கொண்டே ஓடி வந்தது.

“அண்ணாச்சி, நெருப்புப் பெட்டிய மொதல்ல உள்ள வைங்க! அந்தா பாருங்க, கம்பெனி காம்பவுண்டு!”

காக்கிச் சட்டை போட்ட வயதான காவலாளி. மூச்சு வாங்கியது அவருக்கு. அவர் காட்டிய பக்கம் பார்த்தேன். கருவேல மரங்களுக்கு அந்தப் பக்கம் முள்கம்பி வேலி, அதற்கு உள்ளே இடைவெளி விட்டு இடைவெளி விட்டுக் கட்டிய சின்னச் சின்ன வெள்ளை அறைகள். பட்டாசு ஆலை. நான் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

நிதானமாக யோசித்தால், இந்தப் பகுதியில் நிலம் ஏன் இப்படி ஆளில்லாமல் கிடக்கிறது என்பதற்கான காரணமே அதுதான். சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து, 1923-ல் சிவகாசியில் தொடங்கி நூறு வருடங்கள் தாண்டிவிட்டன. காற்றில் ஈரம் குறைவு, விவசாயம் பொய்த்தால் வேலைக்கு ஆள் உண்டு. தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசும் அச்சும் வளர்ந்ததற்கு இந்த வறட்சிதான் முதல். இன்று நாட்டின் பட்டாசில் சுமார் 90 சதவிகிதம் இங்கிருந்து போகிறது என்பார்கள். ஒரு அறைக்கும் இன்னொரு அறைக்கும் நடுவே, ஆலைக்கும் சாலைக்கும் நடுவே, ஆலைக்கும் ஊருக்கும் நடுவே இத்தனை தூரம் இடம் விட வேண்டும் என்று வெடிபொருள் விதி சொல்கிறது. ஒரு அறை வெடித்தால் அடுத்த அறைக்குப் பரவக் கூடாது என்பதற்காக விடப்பட்ட வெற்றிடம் அது. அந்த வெற்றிடத்தைத்தான் நான் 'அழகான தனிமை' என்று நினைத்து அடுப்பு வைத்திருக்கிறேன்!

வேலிக்குள் இருப்பதாவது கண்ணுக்குத் தெரியும். உரிமம் இல்லாமல் கருவேலங்காட்டுக்குள் தகர ஷெட் போட்டு வெடி கட்டுகிறவர்கள் பிடிபடும் செய்தி இங்கே அடிக்கடி வருகிறது. கழிவு மருந்தை எரிக்கும்போது நடந்த விபத்துகளும் உண்டு. ஒரு பெயர்ப்பலகைகூட இருக்காது. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தை இந்தப் பக்கத்து மக்கள் இன்னும் மறக்கவில்லை. 40 பேர் அளவில் இறந்தார்கள். அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் இல்லை. புகையைப் பார்த்து உதவ ஓடியவர்கள், என்னவென்று பார்க்கப் போனவர்கள். முதல் வெடிப்புக்குப் பிறகு வந்த பெரிய வெடிப்பில் சிக்கிக்கொண்டார்கள். இந்தப் பகுதியில் புகை தெரிந்தால் எதிர்த் திசையில் போக வேண்டும். செல்போனை எடுத்துக்கொண்டு அருகே போகக் கூடாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சிவகாசிக்கு வந்தால் ஆலை விலைக்குப் பட்டாசு வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. பட்டாசுப் பெட்டியும் கேஸ் அடுப்பும் தூங்குகிற மனிதரும் ஒரே வேனுக்குள் இருக்கவே கூடாது. வாங்குவதாக இருந்தால் கடைசி நாள் வாங்கி, பகலிலேயே வீடு போய்ச் சேருங்கள்.

அன்று இரவு அந்தக் காவலாளி சொன்ன வழியில் அடுத்த ஊருக்குப் போய், அம்மன் கோயில் பொட்டலில் வேனை நிறுத்தினேன். திண்ணையில் இருந்த பெரியவர்களிடம் யார், எவர், எந்த ஊர் என்று எல்லாம் ஒப்பித்த பிறகு, “படுங்க, நாய்தான் குரைக்கும்” என்றார்கள். குரைத்தது.

குளிர் இல்லை, சேறு உண்டு

அரிசோனாவில் தங்குபவர்கள் குளிரோடு போராடுகிறார்கள். ராத்திரி வெப்பநிலை உறைநிலைக்குப் பக்கத்தில் போய்விடும். நம் பக்கம் மார்கழியிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஒரு போர்வை போதும். இங்கே எதிரி கரிசல் மண்தான்.

நனைந்தால் பசை, காய்ந்தால் பாளம். தண்ணீரை உறிஞ்சி ஊதுகிற களிமண் அது. கோடையில் விடுகிற வெடிப்பில் முழங்கை வரை உள்ளே போகும். பத்து நிமிடத் தூறலில் டயரைச் சுற்றி அப்பிக்கொள்ளும். அதற்குமேல் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. டிராக்டர் வைத்து இழுத்தால்தான் உண்டு. கிடங்கு மண்ணோ சரளையோ போட்ட பாதையை விட்டு ஒரு சக்கரத்தைக்கூட இறக்காதீர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். மூன்றாம் நாள் காலை ஒரு சக்கரத்தை மட்டும் இறக்கினேன். நான்கு பேர் தள்ளினார்கள்.

இருட்டிய பிறகு மக்காச்சோளக் காட்டுக்குள் ஒதுங்கப் போவதும் ஆபத்து. காட்டுப்பன்றிக்குப் பயந்து சிலர் சட்டவிரோதமாக மின்வேலி போடுகிறார்கள். அதில் மனிதர்களும் சிக்கிச் செத்திருக்கிறார்கள். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் நடமாடுகிற நேரமும் அதுதான். செருப்பு, டார்ச் இரண்டும் இல்லாமல் வேனை விட்டு இறங்கக் கூடாது. பாம்பு கடித்துவிட்டால் கட்டுப்போட்டு, கீறிவிட்டு நேரத்தை வீணாக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். விருதுநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை செயல்படுகிறது.

ஆனால் பாம்பு, பன்றி எல்லாவற்றையும்விட நான் அதிகம் பயந்தது வேனுக்குள் இருக்கும் காற்றுக்குத்தான். 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரை அருகே சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தது நினைவிருக்கிறதா? ஏ.சி-க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை, தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இருமல் வராது, தூக்கம்தான் வரும். இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி போட்டுத் தூங்குவது, வேனுக்குள் அடுப்பு பற்றவைப்பது, கொசுவுக்காகக் கரித்துண்டில் சாம்பிராணி போட்டுக் கதவை அடைப்பது எல்லாம் ஒரே வகைதான். ஜன்னலில் கொசுவலைத் துணியை காந்தம் வைத்து ஒட்டிவிட்டு, இரண்டு பக்கமும் நான்கு விரல் அளவு கண்ணாடியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஈரத் தொல்லையும் போய்விடும். மூன்றாம் நாள் விடிந்த பிறகு எனக்கு உறைத்த பாடம் இது.

வேனையே வீடாக மாற்றிவிடலாம் என்று கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கேரவன்களுக்கென்று தனி விதிமுறை இருக்கிறது. கூரையில் ஓட்டை போட்டு, கட்டில் வெல்டிங் அடித்து, சிலிண்டரைப் பொருத்திவிட்டு ஆர்.டி.ஓ ஆபீஸுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் பதில் சொல்வதைவிட, என்னைப்போல மெத்தை போட்டுக்கொள்வது மேல்.

கீதாரியின் கேள்வி

மூன்றாவது இரவுக்கு வருகிறேன். அந்தக் கண்மாய்க்கரையில் எனக்கு முன்பே ஒருவர் முகாம் போட்டிருந்தார். ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரி. இருநூறு ஆடுகள் இருக்கும். உடம்பில் செம்பழுப்புத் திட்டு போட்ட வேம்பூர் ஆடுகள் நிறைய. வலை கட்டிக் கிடை அடைத்து, குட்டிகளைத் தனியாகக் குடாப்பில் விட்டிருந்தார். அவருடைய வீடு என்பது ஒரு தார்ப்பாய், ஒரு கம்பளி, தூக்குச்சட்டி, தொரட்டி, செல்போன், அதற்கு சார்ஜ் ஏற்ற ஒரு சோலார் விளக்கு.

“என்னண்ணே, வீட்ல எதுவும் சண்டையா?” என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. வீடு இருக்கும்போது ஒருவர் வெளியே வந்து படுக்க வேறு என்ன காரணம் இருக்க முடியும்? சும்மா, தனியாக இருந்து பார்க்க வந்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. “தனியா இருக்கதுல பாக்க என்ன இருக்கு?” என்று கேட்டுவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

தை, மாசி அறுப்பு முடிந்ததும் வடக்கே தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள் இவர்கள். அறுத்த வயலில் கிடை போட்டால் சாணமும் மூத்திரமும் உரம். அதற்கு ராத்திரிக் கணக்கில் கூலி. மறுபடி மழைக்காலத்தில் தெற்கே திரும்புவார்கள். நமக்கு 'வேன் லைஃப்' புதிய சொல். இவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக அதுதான் பிழைப்பு. கி.ரா-வின் 'கிடை', சு.தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' படித்தவர்களுக்கு இந்த வாழ்க்கை தெரிந்திருக்கும்.

எங்கே தங்குவது என்ற கேள்வியில் அவரும் நானும் ஒரே படகில்தான் இருந்தோம். ஆனால், எனக்கு அது மூன்று ராத்திரி விளையாட்டு. அவருக்கு நிலைமை அப்படியில்லை. வண்டிப்பாதையில் ஒருவர் வேலி போட்டால் சுற்றிப் போக வேண்டும். மேய்ச்சல் புறம்போக்கில் கருவேலம் மண்டினால் ஆட்டுக்குப் புல் இல்லை. தரிசெல்லாம் பிளாட் கல் ஊன்றியாயிற்று. ஆட்டை இறக்கிய இடம் ஆலைக்குப் பக்கமாக இருந்தால், ராத்திரி சோறு பொங்கவும் யோசிக்க வேண்டும். பொது நிலம் சுருங்கினால் முதலில் தெரிவது ஆட்டின் வயிற்றில்தான்.

அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டது, இடம் தேர்ந்தெடுப்பது. கண்மாயின் உள்வாயில் இறங்காமல், கரையை ஒட்டிய மேட்டில் கிடை போட்டிருந்தார். ஓடைக்குள் எப்போதும் தங்கக் கூடாது. மேற்கே மலையில் பெய்த மழை, இங்கே வானம் வெளுத்திருக்கும்போதும் வரும். பொழுதிருக்கும்போதே வந்து சேர்ந்திருந்தார், இருட்டிய பிறகு இடம் தேடவில்லை. ஊருக்குள் போய் ஒரு டீ குடித்து, தான் இன்ன இடத்தில் இருப்பதை நான்கு பேர் காதில் போட்டுவிட்டு வந்திருந்தார். நான் வீட்டுக்கு லொகேஷன் அனுப்பியிருந்தேன், 'காவல் உதவி' ஆப்பை இறக்கி வைத்திருந்தேன், 112 மனப்பாடம். எல்லாம் வேண்டியவைதான். ஆனால், அவசரமென்றால் டீக்கடையில் இருப்பவர்தான் முதலில் வந்து நிற்பார். பெண்கள் தனியாகக் கிளம்புவதாக இருந்தால், வெட்டவெளியை விட்டுவிட்டுக் கோயில் வளாகம், குடும்பம் நடத்தும் ஓட்டல், பெட்ரோல் பங்க் என்று விளக்கு எரிகிற இடமாகவே பாருங்கள் என்பேன். இது நியாயமில்லைதான். நிலைமை அப்படி இருக்கிறது.

தனியாக முடியாது, ஆனால் ஆசை விடவில்லை என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. சாத்தூர் அருகே அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடத்தில் இருக்கிறது இருக்கன்குடி மாரியம்மன் கோயில். தை கடைசி வெள்ளிக்கும் ஆடி கடைசி வெள்ளிக்கும் போய்ப் பாருங்கள். வறண்ட ஆற்றங்கரை முழுக்க வேன், லாரி, டிராக்டர்! வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே தார்ப்பாய் கட்டி, மூன்று கல் வைத்துப் பொங்கி, வண்டிக்கு அடியிலேயே படுத்து எழுந்து போகிறார்கள் குடும்பம் குடும்பமாக. அனுமதிச் சீட்டு கேட்பாரில்லை. தனிமை மட்டும் கிடைக்காது.

மூன்றாம் நாள் காலை, சேற்றில் மாட்டிய வேனைத் தள்ளிய நான்கு பேரில் கீதாரியும் ஒருவர். வேன் மேடேறியதும் அவருக்கு என்னிடமிருந்த சாத்தூர் காராச்சேவுப் பொட்டலத்தைக் கொடுத்தேன். பாதியைக் காகிதத்தில் மடித்து என்னிடமே திருப்பித் தந்தார். “வழியில பசிக்கும், வச்சுக்கங்க” என்றார்.

ஊர் திரும்பி வாட்டர் சர்வீஸில் விட்டபோது, வண்டியைக் கழுவிய பையன் சக்கரத்துக்கு மேலே கையை விட்டுப் பார்த்துவிட்டு, “கரிசலா? எக்ஸ்ட்ரா இருநூறு ஆகும் சார்” என்றான். நண்பரிடம் இன்னும் அதைச் சொல்லவில்லை.